கடவுச்சொல் கேட்டு வந்த பதினேழு பேர்

கரக், மே 23, சனிக்கிழமை, காலை 11.10. முன்னறையில் விருந்தாளிகள் பதினேழு பேர்.

மதிப்பிற்குரிய ஃபவ்வாஸ் மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகன் குதைபா எழுதுவது. இங்கு நலம். அகபாவில் நீங்களும் அத்தையும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். வேண்டியாயிற்று. நேரமில்லை, விஷயத்துக்கு வருகிறேன்.

கொடுத்த வாக்கை, அதுவும் வந்தவர் காப்பியைக் குடித்த பிறகு, திரும்ப வாங்க வழி உண்டா? ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் பேசித் தீர்த்தவர் நீங்கள். பன்னிரண்டு மணிக்குள் பதில் போடுங்கள். போன் பண்ணியிருப்பேன்; போன் முன்னறையில் அவர்கள் நடுவே கிடக்கிறது. சமையலறையில் அரிசி மூட்டைமேல் லேப்டாப்பை வைத்து அடிக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் நான் நடத்தும் பாடம் உங்களுக்குத் தெரியும்: சாதாரண ஆட்கள் தடுமாறாமல் உபயோகிக்கிற மாதிரி கணினிப் பூட்டுகளை அமைப்பது எப்படி. "ரகசியம் வெளியே போனால் தப்பு ஆள்மேல் இல்லை, பூட்டைச் செய்தவன்மேல்" என்று முதல் வகுப்பில் சொல்ல வேண்டும். சொன்னேன். நம்பவில்லை. அதோடு வாயை மூடியிருக்கலாம். "மூளை இருக்கிறவனிடம் எவனும் கறக்க முடியாது. தேர்வுத்தாளைப் பூட்டிவிட்டேன். மே 23 மதியத்துக்குள் கடவுச்சொல்லை வாங்கிவிட்டால் எல்லோருக்கும் முழு மதிப்பெண்" என்று சேர்த்துச் சொல்லித் தொலைத்தேன். வாசலில் நின்று கேட்ட துறைத்தலைவர் டாக்டர் மாமூன், "நீ தோத்தா அடுத்த வருஷம் இந்தப் பாடமே கிடையாதுப்பா" என்றார். பாடம் போனால் என் வேலையும் போயிற்று.

பையன்கள் வங்கி பேரில் பொய்க் கடிதம் அனுப்பினார்கள். பிழை திருத்தித் திருப்பி அனுப்பினேன். தண்ணீர் வாரியம் பேசுவதாக ஒருத்தி கூப்பிட்டாள். குழாய் ஒழுகுகிறது என்று அரை மணி நேரம் புலம்பினேன், அவளே வைத்துவிட்டாள். நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன், மாமா!

இன்று காலை, போன வாரம் என் காரை உரசிய திரார் என்ற மாணவனின் தாத்தா ஷேக் மிஃப்லிஹ், பேரன் உள்பட பதினாறு பேரைக் கூட்டிக்கொண்டு ஜாஹாவாக, அதாவது ஊர்ப் பெரியவர்கள் கூடி வந்து ஒன்றைக் கேட்கிற தூதாக, வந்து இறங்கினார். கீறலுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைத்தேன். காப்பியை ஊற்றிக் கொடுத்தேன். வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார். வழக்கப்படி, கேட்க வந்ததைத் தருவதாக வாக்குக் கொடுத்தால்தானே தொடுவார்! எனக்கோ வேலை கிடக்கிறது.

"குடிங்க தாத்தா. கேட்டது உங்களுக்குத்தான்."

"என்னன்னு கேக்காமலா?"

"கேக்கவே வேணாம். குடிங்க."

குடித்தார். மீசையைத் துடைத்தார். "அந்தப் பாஸ்வேர்டாமே மவனே, அதக் குடுத்துரு."

திரார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா, "குடுத்துத் தொலைடா! உங்கப்பா பேரக் கெடுத்துராத!"

"அம்மா, அது ரகசியம்!"

"பதினேழு பேரு வாசல் ஏறி வந்தப்புறம் என்னடா ரகசியம்?"

சர்க்கரை எடுத்துவருவதாகச் சொல்லி உள்ளே வந்தேன். அவர்கள் காப்பியில் சர்க்கரை போடுவதில்லை, சீக்கிரம் சந்தேகப்படுவார்கள். அத்தைக்கு என் ஸலாம். சின்னவளுக்கு முத்தம். உங்கள் முழங்கால் வலிக்கு இறைவன் சுகம் தரட்டும், பதில் அடித்த பிறகு.

அன்புள்ள மருமகன்,
குதைபா

பி.கு., 11.45: பதில் வேண்டாம். மானத்துக்குப் பயந்து கடவுச்சொல்லைக் கொடுக்கத்தான் போனேன். மறந்துவிட்டது. முப்பத்திரண்டு எழுத்து. "யாராலும் வாங்க முடியாது, என்னாலயும் முடியாது!" என்று குதித்தேன். ஷேக் அசரவில்லை. "மறந்தவனுக்கு ஒரு வழி வச்சிருப்பாங்களே?" என்றார். "இருக்கு தாத்தா" என்று திரார் நான் கையோடு கொண்டுபோன லேப்டாப்பில் எதையோ அழுத்தினான். திரையில் கேள்வி: உங்கள் தாயார் பிறந்த குடும்பத்தின் பெயர்? பதினேழு பேரும் ஒரே குரலில் உங்கள் குடும்பப் பெயரைச் சொன்னார்கள். ஓரத்திலிருந்த ஒருவர் கொள்ளுத்தாத்தா பெயரையும் சேர்த்துக்கொண்டார். தப்பு பூட்டைச் செய்தவன்மேல்தான், மாமா. அந்தக் கேள்வியை வைத்தவன் நான்.

இனிச் செய்யப்போவது:

1. வகுப்பு மொத்தத்துக்கும் முழு மதிப்பெண் போடுவேன்.
2. கார் கீறலை என் செலவில் சரிசெய்வேன். அதைப் பற்றி ஒருத்தரும் வாயே திறக்கவில்லை.
3. வெள்ளிக்கிழமை இதே பதினேழு பேரோடு டாக்டர் மாமூன் வீட்டுக்கு ஜாஹாவாகப் போவேன். ஷேக் சரியென்றுவிட்டார்.
4. முன்னால் உட்காரப்போவது நீங்கள். பாடம் பிழைக்கிறவரை காப்பியைத் தொடாதீர்கள்.