தூரக்காதுக்காரர்

கண்ணில் தூரப்பார்வை என்றொரு கோளாறு உண்டு. எதிர்மாடியில் காயும் சட்டையின் பொத்தான் வரை தெரியும். கையில் விரித்த செய்தித்தாள் மட்டும் மங்கும். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும். இதே கோளாறு காதிலும் வருகிறது என்பதை எந்த மருத்துவரும் இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் காது உள்ளவர்களை நாமாவது அறிந்து வைத்திருப்பது நல்லது. அவர்களுக்குத் தூரக்காதுக்காரர்கள் என்று பெயர் வைப்போம்.

கூட்டத்தில் இவரை அடையாளம் காண்பது எளிது. நம் மொழியில் வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்ன ‘ஆம்’ இருக்கிறது. ‘மழை வரும்’ என்றால் சொல்பவருக்கே தெரியும். ‘மழை வருமாம்’ என்றால் வேறு யாரோ சொன்னது. மற்றவர்கள் அந்த ‘ஆம்’ வந்ததும் கொஞ்சம் சந்தேகப்படுவார்கள். தூரக்காதுக்காரர் அப்போதுதான் நம்பவே தொடங்குவார். குளிர்சாதனப் பெட்டியின் கதவு ரப்பர் போய்விட்டது என்று மனைவி நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருப்பார். இவர் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டுக் கதவை முழங்காலால் அழுத்தி மூடிவிட்டுப் போவார். ஒருநாள் பழுதுபார்க்கிறவர் வந்து பார்த்துவிட்டுப் போனதும் சமையலறைக்கு ஓடி வருவார்.

“விஷயம் தெரியுமா? ரப்பர் போயிடுச்சாம்.”

“அதைத்தானேங்க நான் அப்பலேருந்தே சொல்லிட்டிருக்கேன்.”

“நீ சும்மா சொன்ன. அவர் கதவைத் தொறந்து பாத்துட்டுச் சொல்றாரு.”

மனைவி அந்தக் கதவைத் திறக்காமலா இத்தனை நாள் சமைத்தார் என்று நீங்கள் கேட்கலாம். இவர் கேட்கமாட்டார். மனைவி பக்கத்தில் இருக்கிறார், அவ்வளவுதான்.

நம் கையில் கிடைத்திருப்பவர் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் செயலாளர். நேர்மையானவர். சங்கத்துப் பேனாவை வீட்டுக்கு எடுத்துப் போகாதவர். அவருடைய அலுவலகம் உள்விளையாட்டு அரங்கில், பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. படி இறங்குகிற மாதிரியே அறையின் கூரையும் சரிந்து இறங்குவதால், மேசை போட்டிருக்கும் மூலையில் நிமிர்ந்து நிற்கக்கூடிய ஒரே ஆள் செயலாளர்தான். ஆட்டக்காரர்கள் உள்ளே வந்தால் தலையைக் குனிந்துகொண்டுதான் பேச வேண்டும். மரியாதை தெரிந்த பிள்ளைகள் என்று அவர் வெகுகாலம் நம்பியிருந்தார்.

அணியின் பயிற்சியாளர் அவர் மனைவியின் தம்பி. சிபாரிசு என்று அவசரப்படாதீர்கள். அணிக்குத் தலைவராக ஆடியவர், பயிற்சிக்கென்று தனியாகப் படித்தவர், அக்காவுக்குக் கல்யாணம் ஆகும் முன்பே அந்த வேலைக்கு எல்லாத் தகுதியும் உள்ளவராக இருந்தவர். கல்யாணம்தான் தகுதியைக் கெடுத்தது. அதற்குப் பிறகு அவர் செயலாளருக்கு மாப்ள ஆகிவிட்டார். மாப்ள சொல்வதையெல்லாம் குறித்து வைத்துக்கொள்ளவா முடியும்? ஆகவே அவர் தற்காலிகப் பயிற்சியாளராகவே இருந்தார். தான் ஆடிய இந்த அணியைத் தன் கையாலேயே ஒருமுறை, கண்டத்து நாடுகளெல்லாம் மோதும் கண்டப் போட்டிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்ற ஒரே ஆசையோடு இருந்தார்.

அந்த ஆசைக்குக் குறுக்கே நின்றது எதிரணி அல்ல, மரச்சாமான். போட்டிக் காலத்திலும் அரங்கத்தைக் கட்டில் பீரோ கண்காட்சிக்கு வாடகைக்கு விடுவது சங்கத்தின் வழக்கம். கண்காட்சி முடிந்ததும் தரையில் பாலிஷ் மெழுகு மிஞ்சும். இழுத்த கீறல் மிஞ்சும். பயிற்சி செய்ய வேண்டிய நாட்கள் மிஞ்சாது.

“அத்தான், போட்டி சமயத்துலயாவது அரங்கத்தை விடாதீங்க. பசங்க பந்தைப் பாத்துக்கிட்டே பின்னால ஓடிப் பழகணும். பந்து பறிபோனதும் முதுகைக் காட்டிட்டு ஓடுறாங்க, எதிராளி நிதானமா வந்து கூடையில போட்டுட்டுப் போறான். அதைப் பழக்கறதுக்கு நல்ல தரை வேணும்.”

“பாக்கலாம் மாப்ள.”

இந்த ‘பாக்கலாம்’ என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருளோ, சங்கத்தில் அதற்குப் பார்ப்பதில்லை என்று பொருள்.

அணி தோற்றது. மறுபடியும் தோற்றது. செயற்குழு கூடி, ‘வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருவரை நியமிப்பது’ என்று தீர்மானம் போட்டது. வெளிநாட்டவர் வேண்டும் என்றவர்கள் புதிய நுட்பம் வரும் என்றார்கள். வேண்டாம் என்றவர்கள் அவருக்கு நம் பிள்ளைகளின் மனசு புரியாது என்றார்கள். இரண்டிலும் நியாயம் இருந்தது. தரையில் இருக்கும் மெழுகைப் பற்றி இரு தரப்பும் பேசவில்லை.

வந்தவர் நல்ல மனிதர், நல்ல பயிற்சியாளர். மாப்ள அவருக்குத் துணைப் பயிற்சியாளர் ஆனார். உயரம் மிக அதிகம். சரிந்த கூரையைப் பார்த்ததும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டார். செயலாளர் எழுந்து வெளியே போய், கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து கேட்டார். அதுவரை யாருக்காகவும் அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. வந்தவர் தன் மொழியில் ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க வந்த பெண் செயலாளர் பக்கம் திரும்பினாள்.

“போட்டி சமயத்துல அரங்கத்தைக் கண்காட்சிக்கு விடக் கூடாதாம் சார்.”

கவனித்தீர்களா, ‘ஆம்’ வந்துவிட்டது. செயலாளரின் முகத்தில் வெளிச்சம் பரவியது. அன்று மாலைக்குள் கட்டில்களும் பீரோக்களும் லாரியில் ஏறின.

“வந்த அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டாரு பாத்தியா மாப்ள? இதுக்குத்தான் வெளி ஆளு வேணுங்கறது.”

வெளிநாட்டவர் மறுபடி ஏதோ சொன்னார்.

“இது தன்னோட யோசனை இல்லையாம் சார். இவர்தான் காலையில சொன்னாராம்” என்று அந்தப் பெண் மாப்ளயைக் காட்டினாள்.

“என்ன அடக்கம்” என்றார் செயலாளர். வெளிநாட்டவரைத்தான் சொன்னார்.

அவர் இருந்தவரை அணி பரவாயில்லாமல் ஆடியது. ஒப்பந்தம் முடிந்து அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று, மைத்துனரைச் செயலாளர் ஆறுதலாகத் தோளில் தட்டினார்.

“அவர்கிட்ட நீயும் நாலு விஷயம் கத்துக்கிட்டிருப்ப.”

“ஒண்ணு கத்துக்கிட்டேன் அத்தான்.”

“என்ன?”

“தள்ளி நின்னு பேசறது.”

செயலாளர் சிரித்தார். அடுத்த வாரமே மாப்ள பக்கத்து நாட்டு அணிக்குப் பயிற்சியாளராகப் போய்விட்டார். அரங்கத்துக்குப் பீரோக்கள் திரும்பி வந்தன.

பிறகு அந்தப் பக்கத்து நாட்டு அணி ஆட வந்தது. கண்காட்சியில் விலை போகாத மெத்தை நாற்காலிகளில் முக்கியஸ்தர்கள் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் எதிரணியை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பந்து பறிபோன நொடியில் அந்தப் பிள்ளைகள் ஐந்து பேரும் முகத்தைத் திருப்பாமல், பந்தைப் பார்த்தபடியே, யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுப்பது போலப் பின்வாங்கினார்கள். நம் பிள்ளைகளுக்குப் போவதற்கு வழியே கிடைக்கவில்லை.

“அந்த அணியோட பயிற்சியாளரைக் கவனிச்சியா? சத்தமே போடல. கையை லேசா அசைக்கிறாரு, அஞ்சு பேரும் நகர்றாங்க.”

“அது என் தம்பிங்க” என்றார் மனைவி.

“தெரியும். அதுக்குச் சொல்லல. அங்க போய் எப்படி மாறிட்டாரு பாரு.”

வீட்டில் ‘அவன்’ என்று இருந்தவர் மெத்தை நாற்காலியிலிருந்து பார்க்கும்போது ‘அவர்’ ஆகியிருந்தார். மனைவி அதைக் கவனித்தார். தம்பிக்கு வந்த மரியாதையாயிற்றே என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த செயற்குழுவில் செயலாளர் பழைய தீர்மானத்தை எடுத்து வைத்து, அதன்படி மாப்ளயை நியமிக்கலாம் என்றார். கண்ணை மூடி யோசிக்கும் பழக்கமுள்ள தலைவர் கண்ணைத் திறந்தார்.

“அவர் நம்ம ஆளாச்சே. உங்க வீட்டு ஆளு வேற.”

“தீர்மானம் என்ன சொல்லுது? வெளிநாட்டுப் பயிற்சியாளர். அவர் எந்த நாட்டுக்குப் பயிற்சியாளர்? வெளிநாட்டுக்கு. அப்ப அவர் யாரு?”

நம் மொழி பெருந்தன்மையானது. ‘வெளிநாட்டு’ என்ற சொல் ஆளோடு ஒட்டுகிறதா, வேலையோடு ஒட்டுகிறதா என்று அது யாரையும் வற்புறுத்துவதில்லை. தலைவர் அந்தச் சொல்லை இரண்டு விதமாகவும் முணுமுணுத்துப் பார்த்தார். இரண்டும் சரியாகவே இருந்தன. கண்ணை மூடிக்கொண்டார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

தொலைபேசியில் மாப்ள ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். வேலை முடியும்வரை தன்னை யாரும் முறை சொல்லிக் கூப்பிடக் கூடாது. தானும் அக்கா வீட்டு வாசலை மிதிக்கப்போவதில்லை. செயலாளருக்கு நிபந்தனை பிடித்திருந்தது. வெளிநாட்டில்தான் இப்படித் தெளிவாகப் பேசுகிறார்கள் என்று நினைத்தார். அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

“ரெண்டு தெரு தள்ளி ஓட்டல்ல இருக்கான். இங்க வந்து ஒரு வாய் சாப்பிட்டா என்ன?”

“வந்தா உள்ளூர் ஆயிடுவாருன்னு அவரே பயப்படறாரு” என்றார் செயலாளர். அதில் என்ன பயம் என்று அவருக்கே புரியவில்லை. ஆனால் சொன்னது வெளிநாட்டுப் பயிற்சியாளர் என்பதால் காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

மாப்ள பக்கத்து நாட்டு அணியின் மேற்சட்டையையே மாட்டிக்கொண்டு வந்தார். கைக்கடிகாரத்தில் அந்த நாட்டு நேரத்தை மாற்றவில்லை. குறைவாகப் பேசினார். அலுவலகத்துக்குள் நுழையாமல் வாசலில் நின்றார். செயலாளர் எழுந்து வெளியே வந்தார். மரச்சாமான் வெளியேறியது. மெழுகு சுரண்டப்பட்டது. பிள்ளைகள் காலையும் மாலையும் பின்னால் ஓடினார்கள். கண்டப் போட்டிக்கான தகுதிச் சுற்று நம் அரங்கத்திலேயே நடக்கவிருந்தது. இந்த முறை நடந்துவிடும் என்று மாப்ளக்கே தோன்ற ஆரம்பித்தது. ஆசை அத்தனை கிட்டத்தில் வந்து நின்றிருந்த ஒரு மதியம், அக்கா சாப்பாட்டுக் கூடையோடு அரங்கத்துக்குள் நுழைந்தார்.

“என்னடா இப்படி எலும்பாப் போயிட்ட?”

“பயிற்சி நடக்குதுங்க மேடம்.”

“யாருடா மேடம்? உன் மூக்கைத் துடைச்சு விட்டவடா நான். உக்காந்து சாப்பிடு.”

ஆட்டக்காரர்கள் பந்தைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். மாப்ள ஒரு நிமிடம் அக்காவைப் பார்த்தார். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார். அக்கா பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வைத்தார். அலுவலக வாசலில் நின்ற செயலாளர் அதைப் பார்த்தார். அவர் காதில் அப்போது என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. இருமல் வருவது மாதிரி அது தானாக வருவது.

மறுநாள் மரச்சாமான் வியாபாரிகள் வந்தார்கள். தகுதிச் சுற்றுக்கு முந்தின வாரம் அரங்கம் கிடைக்குமா என்றார்கள். கிடைத்தது. செய்தி தெரிந்து மாப்ள வாசலுக்கு வந்தார். செயலாளர் நாற்காலியை விட்டு எழவில்லை.

“உள்ள வா மாப்ள, ஏன் வெளியவே நிக்கற?”

மாப்ள குனிந்து உள்ளே வந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

“கொஞ்ச நாள்தானே. பசங்களும் ஓய்வெடுக்கட்டும். பாக்கலாம்.”

மாப்ள வாதாடவில்லை. ஓட்டலுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினார். பேருந்து ஏறினார். எல்லையைத் தாண்டினார். தாண்டியதும் ஒரு கடை வாசலில் நின்று சங்கத்தின் எண்ணை அழுத்தினார். அழைப்பு வெளிநாட்டு எண்ணிலிருந்து வருவதைப் பார்த்ததும் செயலாளர் எழுந்து நின்றுகொண்டார்.

“அரங்கத்தைக் கண்காட்சிக்கு விடக் கூடாது.”

“கண்டிப்பா. இப்பவே சொல்லிடறேன். நீங்க அங்க இருக்கறப்ப எவ்வளவு தெளிவாக் கேக்குது தெரியுமா?”

தொலைபேசியில் பின்னால் ஏதோ ஒரு பேருந்து கிளம்பும் சத்தம் கேட்டது. பிறகு மாப்ள, அன்றைய பயிற்சியில் எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். செயலாளர் குறித்துக்கொண்டார்.

அதன்பின் மாப்ள திரும்பி வரவில்லை. தகுதிச் சுற்றில் அணியின் பெஞ்சில் பயிற்சியாளருக்குரிய நாற்காலியில் ஒரு கைபேசி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இடைவேளைகளில் பிள்ளைகள் அதைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். கடைசி நிமிடத்தில் பந்து பறிபோனபோது ஐந்து பேரும் அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினார்கள். எதிராளிக்கு வழி கிடைக்கவில்லை. அணி வென்றது. அரங்கமே எழுந்து நின்றது. எல்லைக்கு அப்பால் ஒரு வாடகை அறையில் ஒருவர் அந்த இரைச்சலைக் கைபேசியில் கேட்டார். இரைச்சல் அதிகமாகி, பிறகு தொடர்பு அறுந்துவிட்டது.

செயற்குழு அவரை நிரந்தரப் பயிற்சியாளராக நியமித்தது. ஒரு நிபந்தனையோடு: அவர் நிரந்தரமாக வெளிநாட்டில் வசிக்க வேண்டும்.

“அவன் எப்பதாங்க வருவான்?” என்று மனைவி கேட்கிறார்.

செயலாளருக்கு அது கேட்கவில்லை.

இப்படியும் ஒருவர் இருப்பாரா என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நினைப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். இதையே உங்கள் தங்கை, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எதிரில் உட்கார்ந்து சொல்லியிருந்தால், பாதியில் கை கழுவ எழுந்திருப்பீர்கள். அச்சில், முன்பின் தெரியாத யாரோ எழுதியிருப்பதால், தலையை ஆட்டிக்கொண்டே இதுவரை வந்துவிட்டீர்கள். நல்லது. வந்தது வந்தீர்கள், காதையும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்கள். உள்ளறையிலிருந்து யாரோ வெகுநேரமாக உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.