ஆடுது, ஆனா வரமாட்டேங்குது

நட்டு கழன்றுவிட்டது. பால் ஜாயிண்ட் மட்டும் வரவில்லை.

மாமனாரின் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த சின்ன மாப்பிள்ளை, முன் சக்கரத்தைத் தாங்கும் அந்தத் தேய்ந்துபோன மூட்டை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, வந்துடுச்சா?" மாமனாரின் கால்கள் மட்டும் தெரிந்தன.

"ஆடுது மாமா. ஆடுதுன்னா வந்துடும்."

காலையில், கடகடவென்று சத்தம் போட்ட காரை ஒர்க்‌ஷாப்பில் விடக் கிளம்பிய மாமனாரைத் தடுத்தவர் இவர்தான். "இதுக்கெல்லாம் எதுக்கு மாமா ஒர்க்‌ஷாப்? நானே மாத்திடறேன்" என்றார். மனைவி முறைத்ததைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

காரணம் இருந்தது. சாயங்கால ரயிலில் சகலை வருகிறார். போன முறை வந்தபோது இந்த வீட்டுத் தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்துவிட்டுப் போன பெரிய மாப்பிள்ளை. அன்றிலிருந்து குழாயைத் திறக்கும்போதெல்லாம் மாமியார் அவர் புகழ் பாடுகிறார். அந்தச் சகலையை, தான் சரிசெய்த காரில் ஸ்டேஷனிலிருந்து அழைத்து வர வேண்டும். சின்ன மாப்பிள்ளைக்கு வேறு ஆசையே இல்லை.

"பாலுக்கு என்ன ஆச்சு?" என்று உள்ளேயிருந்து மாமியார் கேட்டார்.

"பாலுக்கு ஒண்ணும் ஆகல. பால் ஜாயிண்ட்" என்றார் மாமனார்.

"அதான் கேக்கறேன், பாலுக்கு என்ன?"

மாமனார் விட்டுவிட்டார்.

மாப்பிள்ளை சுத்தியலை எடுத்தார். சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் வந்து கேட்டருகே நின்றார்.

"என்ன பண்றீங்க?"

"சின்ன வேலைதான். உள்ள நல்லா இறுகிப்போயிருக்கு. ரெண்டு தட்டு தட்டினா விட்டுக்கொடுத்துடும்."

அது விட்டுக்கொடுக்கவில்லை. தட்டு அடியானது, அடி இடியானது. கடைசியில் பார்த்தால், மரை இருந்த முனை நசுங்கிக் காளான் மாதிரி விரிந்திருந்தது. கழற்றிய நட்டு இனி அதில் ஏறாது.

"அப்போ பழையபடி மாட்டி ஓட்டவும் முடியாதா?" என்றார் மாமனார்.

"இனிமே எடுத்துத்தான் ஆகணும் மாமா."

எதிர்வீட்டுக்காரரின் கை கன்னத்துக்குப் போனது.

அடுத்து, இரட்டை நாக்கு மாதிரி முனை பிளந்த ஓர் இரும்பை இடுக்கில் செருகி ஓங்கி அடித்தார். மூட்டின் ரப்பர் உறை கிழிந்தது. உள்ளிருந்த கிரீஸ் பீய்ச்சிக்கொண்டு போய், ஸ்டேஷனுக்கென்று மாமனார் போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் நடு மார்பில் அப்பியது. ஜாயிண்ட் இருந்த இடத்திலேயே இருந்தது.

"பரவால்ல மாப்பிள்ளை" என்றார் மாமனார். பரவாயில்லை என்கிற குரலாக அது இல்லை.

"இப்படியும் வரலேன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"உடைச்சுத் துண்டு துண்டா எடுத்துட வேண்டியதுதான்."

"கைக்குப் பழகின வேலையா?"

"எல்லாம் ஒரே கணக்குதாங்க. பிடி கிடைக்கணும், திருகணும், இழுக்கணும்."

எதிர்வீட்டுக்காரர் கேட்டை இறுகப் பற்றிக்கொண்டார்.

கொல்லையில் கிடந்த நீளமான தண்ணீர்க் குழாய் வந்தது. அதன் ஒரு முனையை இரும்பில் மாட்டி, மறுமுனையில் மாமனாரைத் தொங்கவிட்டார் மாப்பிள்ளை. அவர் எடை போதவில்லை. மனைவியைக் கூப்பிட்டார். அவளும் போதவில்லை. பாலுக்கு என்ன ஆனது என்று பார்க்க வெளியே வந்த மாமியாரையும் சேர்த்துக்கொண்டார்.

"யாரும் அசையாதீங்க. மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கங்க. ஒண்ணுமில்ல, இதோ முடிஞ்சுடுச்சு" என்று சொல்லியபடியே தன் முழங்காலை பம்பரில் ஊன்றி இழுத்தார்.

மடாரென்று ஒரு சத்தம். குடும்பமே குழாயோடு தரையில் உட்கார்ந்தது.

வந்துவிட்டது. அதோடு, பக்கத்தில் சிவனே என்று கிடந்த ஆக்சிலும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கியர்பாக்ஸில் அது இருந்த ஓட்டையிலிருந்து செக்கச்செவேலென்று எண்ணெய் கொட்டியது.

"பஞ்சு, பஞ்சு" என்று மாப்பிள்ளை கையை நீட்டினார். மனைவி ஒரு தலையணையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

சாயங்காலம் சகலை வாடகைக் காரில் வந்து இறங்கினார். பெட்டியை வைத்தார், சட்டைக் கையை மடித்தார், காருக்கு அடியில் குனிந்தார். சின்ன மாப்பிள்ளை அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷன் இதையும் சரிசெய்துவிட்டால் தீர்ந்தது கதை.

சகலை நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது என்னால ஆகாது சகலை. ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துட்டுத்தான் போகணும்."

சின்ன மாப்பிள்ளையின் முகத்தில் காலையிலிருந்து காணாமல் போயிருந்த வெளிச்சம் வந்தது. சகலையை அப்படியே கட்டிக்கொண்டார். சகலையின் சட்டையும் போயிற்று.

மாமனார் தன் சட்டையையும் அந்தச் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை. "எப்படியோ, அந்தக் கடகட சத்தம் நின்னுடுச்சு மாப்பிள்ளை" என்றார். மாமியார் எல்லோருக்கும் டிபன் எடுத்துவைக்கப் போனார்.

கையைத் துடைத்துக்கொண்டே திரும்பிய மாப்பிள்ளை, எதிர்வீட்டுக்காரர் இன்னும் கேட்டருகே நிற்பதைக் கண்டார்.

"ஏன் அங்கேயே நிக்கறீங்க? உள்ள வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம்."

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"இல்லைங்க டாக்டர், நாளைக்குக் காலைல முதல் ஆளா என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தீங்க இல்லையா... இப்ப அது வலிக்கவே இல்லைங்க."