படத்தில் இல்லாத நாய்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு அதன் பாவ புண்ணியங்களை ஒருசேர அனுபவித்துவரும் மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருவர் இப்போது பேசுவதில்லை. அங்கே அக்காவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நம் கடையிலிருந்து உங்களுக்கு அனுப்பிய புதுக் கண்ணாடி மூக்கில் நிற்கிறதா, நழுவுகிறதா என்று ஒரு வரி எழுதவும். நழுவினால் மூக்கைக் குறை சொல்லவும், கடையைச் சொல்ல வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நூலகத்து மாடியில் மாதாமாதம் வாசகர் வட்டம் கூடுவது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொருவரும் எழுந்து, தான் சமீபத்தில் ரசித்த புத்தகம், படம் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். அதில் என் நாலு வார்த்தைக்குத்தான் எப்போதும் கைதட்டல் அதிகம். ஆனால் ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடும் எனக்கு ஒரு குறை இருப்பது வெளியே தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் என் கண் மூடிக்கொள்ளும். தியேட்டரில் விளக்கு அணைந்தால் நானும் கூடவே அணைந்துவிடுவேன். ஆகவே படிப்பது, பார்ப்பது எல்லாம் உங்கள் தங்கை. அவள் தையல் மெஷினில் உட்கார்ந்து யாருடைய பேண்டையோ பிரித்துத் தைத்துக்கொண்டே முழுக் கதையையும் சொல்வாள்; நான் டீயைக் குடித்துக்கொண்டே கேட்பேன்; அதைக் கூட்டத்தில் போய் என் சரக்காக அவிழ்த்துவிடுவேன்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே அவிழ்த்துவிட்டேன். துப்பறியும் நாவல் ஒன்றைப் பற்றி, "கொலைகாரன் வக்கீல்தான் என்று முதல் பக்கத்திலேயே எனக்குத் தெரியும், இருந்தாலும் கடைசிப் பக்கம் வரை அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன்" என்றேன். தலையணை கனத்தில் ஒரு குடும்ப நாவல்: "ஒரு வீடு, மூன்று அண்ணன் தம்பிகள், நாலு சாவி. முதல் நூறு பக்கம் பேசும் தாத்தாவைத் தாண்டிவிட்டால் அப்புறம் வழுக்கிக்கொண்டு போகும்." ஒரு காதல் படம்: "செத்துப் பிழைத்த நாயகி கண் திறந்ததும் நாயகனைக் கேட்கும் முதல் கேள்வி, ஷேவ் பண்ணலையா என்பது. காதல் என்றால் அதுவல்லவா?" பனிமலையில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிய படம்: "ஒருத்தரை விடாமல் மோப்பம் பிடித்து இழுத்துவரும் அந்த நாய்க்காகவே இரண்டு முறை பார்க்கலாம்." கைதட்டல் அடங்கவே இல்லை, மச்சான்.

அங்கேதான் சனி பிடித்தது. என் பேச்சைக் கேட்டு அந்தத் துப்பறியும் நாவலை எடுத்துப் போனவர்கள் ஒவ்வொருவராக நூலகரிடம் வந்து, "கடைசிப் பக்கம் கிழிஞ்சிருக்குங்க, வக்கீல் மாட்டிக்கிற இடத்தையே காணோம்" என்று புகார் சொல்லியிருக்கிறார்கள். அந்த அப்பாவி மனுஷன் புதுப் பிரதி வரவழைத்தார். அதிலும் காணோம். பதிப்பாளருக்குக் கோபமாக ஒரு கடுதாசி போட்டார். போன கூட்டத்தில் அவர் இதைச் சொல்லிப் புலம்பியதும் எங்கள் வட்டத்துப் பல் டாக்டர் எழுந்தார். அவர் பென்சில் இல்லாமல் புத்தகம் படிக்காதவர், என் கைதட்டலைக் கேட்டுக் கேட்டு வயிறெரிந்தவர். "பக்கமெல்லாம் சரியாத்தான் இருக்கு. கொலை பண்ணது சமையல்காரர். அந்தக் காதல் படத்துல நாயகி பிழைக்கவே இல்ல. பனிமலைப் படத்துல அத்தனை பேரும் செத்துப் போறாங்க, நாயே கிடையாது. சார் எந்தத் தியேட்டர்ல பார்த்தார்னு தெரியல" என்றார். மாடியே என் வாயைப் பார்த்தது. சொத்தைப் பல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

நேரே வீட்டுக்கு வந்து கேட்டேன். உங்கள் தங்கை மெஷினை நிறுத்தக்கூட இல்லை.

"சமையல்காரர் பாவம்ங்க. பதினாலு பேருக்கு ஒத்தை ஆளா சமைக்கிறார். அவருக்குக் கொலை பண்ண நேரம் ஏது? வக்கீல் கதை முழுக்க சும்மாதானே உட்கார்ந்திருந்தார்? நம்ம தெரு வக்கீல் வேற, கோட்டுக் கை சரியில்லன்னு மறுபடி மறுபடி திருப்பிக் கொண்டுவந்தாரு. அந்தக் கடுப்பும் இருந்தது."

"நாய்?"

"அவ்வளவு பேர் பனியில சாகக் கிடக்கறாங்க. யாராவது போகணுமா வேண்டாமா? ஆள் போக முடியாது. நாயை அனுப்பினேன்."

"பொய்தானே இதெல்லாம்!"

"இறுக்கமா இருந்தா பிரிச்சு விடறேன். நீளமா இருந்தா மடிச்சுத் தைக்கிறேன். பேண்டுக்குச் செஞ்சா கைராசி, கதைக்குச் செஞ்சா பொய்யா?"

"பொய்தான், பொய்தான், பொய்தான்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். அப்போதுதான் மெஷின் நின்றது. "சரி. இனிமே நீங்களே முழிச்சிருந்து பாருங்க" என்றாள். அவ்வளவுதான், கதைக்கடை மூடியாச்சு. இப்போது படம் பார்த்துவிட்டு வந்தவளிடம் என்ன ஆச்சு என்று கேட்டால், "முடிஞ்சுது" என்கிறாள். புத்தகம் எப்படி என்றால், "படிச்சேன்." மச்சான், அந்த மெஷின் சத்தம் மட்டும் கேட்கிற வீட்டில் டீ இறங்க மாட்டேன் என்கிறது. நானும் சும்மா இருக்கவில்லை. தூக்கம் வராமலிருக்கக் கிராம்பை மென்றுகொண்டு படத்துக்குப் போனேன். நாக்குதான் மரத்துப்போனது, தூக்கம் மரக்கவில்லை, தூங்கிவிட்டேன். மறு தடவை உட்காரவே கூடாது என்று பின்னால் சுவரோரமாக நின்றுகொண்டே பார்த்தேன். நின்றபடியே தூங்கி, முன்னால் இருந்த அம்மாள் மடியில் இருந்த சோளப்பொரியில் விழுந்தேன். அடுத்த கூட்டம் நெருங்குகிறது. பல் டாக்டர் வழியில் பார்க்கும்போதெல்லாம் "இந்தத் தடவை நாய் உண்டா சார்?" என்கிறார். ஆகவே மச்சான், பெரியவரான நீங்கள்தான் உங்கள் தங்கைக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் போட வேண்டும். கதையை உள்ளது உள்ளபடி, ஒரு நூல் கூடாமல் குறையாமல் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் கண்டிக்காவிட்டால் நான்

நான் என்ன சொல்ல வந்தேன் என்றால், யோசித்துப் பார்த்ததில் தப்பு முழுவதும் என்னுடையது. உங்கள் தங்கை தங்கம். அவள் சொன்ன முடிவைக் கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே படியிறங்கினார்கள். பல் டாக்டர் சொன்ன முடிவுக்கு ஒருத்தராவது கைதட்டினார்களா? அதைவிடப் பெரிய தப்பு, இத்தனை நாளும் கைதட்டலை நான் வாங்கிக்கொண்டு வந்தேனே தவிர, கதை சொன்னது யார் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அவளை ஒரு தடவைகூடக் கூட்டிப் போகவில்லை. அது அவளுக்கு வலித்திருக்கும். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அடுத்த கூட்டத்தில் அவளை முன்வரிசையில் உட்கார வைத்து, இனி கதையை அவளே சொல்வாள் என்று அறிவிக்கப் போகிறேன். மோட்டார் வைத்த புதுத் தையல் மெஷின் ஒன்றும் வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டேன். சாயங்காலப் பாத்திரங்கள் இனி என் பொறுப்பு. இதை எழுதும்போது நம் வீட்டு நாய் என் காலடியில் படுத்து வாலை ஆட்டுகிறது. அதற்கும் சம்மதம்தான் போலிருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, அவர்கள் படிக்கும் கதையெல்லாம் நல்லபடியாக முடியட்டும்.

இப்படிக்கு,
திருந்திவிட்ட மாப்பிள்ளை

பி.கு.: அண்ணா, நான்தான். உங்க மாப்பிள்ளை "நீங்கள் கண்டிக்காவிட்டால் நான்"னு எழுதினவர், அப்படியே தாள் மேல தலையை வச்சுத் தூங்கிட்டார். பாதியில நிக்கிற எதையும் அப்படியே விட எனக்கு மனசு வராது. மீதியை நான் முடிச்சுட்டேன். கையெழுத்து மாறினது உங்களுக்குத் தெரியலேன்னா, அந்தக் கண்ணாடி சரியில்லன்னு அர்த்தம். கடைக்கு வாங்க, மாத்தித் தரச் சொல்றேன்.

மறு பி.கு.: மச்சான், கன்னத்தில் மையோடு எழுந்து முழுவதும் படித்தேன். ரொம்ப காலத்துக்கப்புறம் நான் தூங்காமல் கடைசிவரை படித்தது இது ஒன்றுதான். நான் மன்னிப்பும் கேட்கவில்லை, மெஷின் பேச்சும் எழவில்லை. எல்லாவற்றையும் அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். "பிடிக்கலேன்னா பிரிச்சுடுங்க" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. சண்டைக்கப்புறம் அவள் தானாகப் பேசியது அதுதான். அளவு எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது மச்சான், பிரிக்க மனசில்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வைக்கும்படி நூலகரிடம் சொல்லிவிட்டேன். மெஷினும் பார்த்தாயிற்று. நம் வீட்டில் நாய் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் பக்கம் நல்ல குட்டி ஏதாவது இருந்தால் உடனே தெரியப்படுத்தவும்.