மாவாட்டும் சமரசம்

தோசை கேட்கிறவரே மாவாட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுத் தையல்நாயகி விழுப்புரத்திலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். திண்டிவனத்தில் அவள் கணவர், வக்கீல் குமாஸ்தா பாண்டுரங்கன், பழையதைத் தின்று பார்த்தார். முடியவில்லை. கம்பவுண்டர் ராயப்பனை மத்தியஸ்தத்துக்கு அழைத்துக்கொண்டு ரயிலேறினார். அங்கே, தினமும் தாமே மாவாட்டச் சம்மதித்தார். ஒரே நிபந்தனை: பேசியது மூன்று பேரைத் தாண்டக் கூடாது. கோர்ட்டில் தெரிந்தால் மானம் என்னாவது? மூவரும் சத்தியம் செய்துவிட்டுத் திண்டிவனம் திரும்பினார்கள்.

ஒரு வாரம் ஆட்டினார். பிறகு கையைக் கழுவினார், ஒப்பந்தத்தையும் சேர்த்து.

"என்னாங்க, அரிசி ஊறிக்கினு கிடக்கு."

"ஊறட்டும்."

"ஒத்துக்கினீங்களே!"

"எப்போ? சாட்சி யாரு? நீ வாயத் தொறந்தாலும் சத்தியம் போச்சு, ராயப்பன் தொறந்தாலும் போச்சு. எந்தக் கோர்ட்டுல போடுவே?"

வெளியே வக்கீலின் பையைத் தூக்குகிறவருக்கு வீட்டுக்குள் நீதிபதி உத்தியோகம்! ஆண்பிள்ளையாகப் பிறந்தால் போதும். அதற்குப் பரீட்சையே கிடையாது.

தையல்நாயகி வாதாடவில்லை. ஊறிய அரிசியில் கஞ்சி வைத்தாள்.

மறுநாள் கிணற்றடியில் பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, அம்மா வூட்டுக்கு ஏன் போனே?"

"சொல்லக் கூடாதுக்கா. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அவரு என்னா பண்ணாரு?"

"அதையும் சொல்லக் கூடாது."

"அடியம்மா! அவ்ளோ பெரிய விஷயமா?"

லட்சுமியம்மாள் நேரே ராயப்பனிடம் போனாள். அவர் பாவசங்கீர்த்தனம் கேட்ட பாதிரியார்போலக் கண்ணை மூடினார். "கேக்காதீங்கம்மா. பாவம், அந்தப் பொண்ணு."

போதாதா? பொழுது சாய்வதற்குள் பாண்டுரங்கனுக்கு முகையூரில் இன்னொரு குடும்பம் ஏற்பட்டது. மறுநாள் அதில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. அதற்கடுத்த நாள் வக்கீல் கூப்பிட்டார். "கட்சிக்காரங்க ஒரு மாதிரி பேசறாங்க, பாண்டுரங்கம். கொஞ்ச நாள் வராதேயும்."

வேலைக்கே உலை! ஓடிவந்தவர் தெரு நடுவில் நின்று கத்தினார்: "குடும்பமும் இல்ல, பிள்ளையும் இல்ல! வூட்டுக்கு மாவாட்டுறேன்னு ஒத்துக்கினேன், அவ்ளோதான்! யோவ் ராயப்பா, சொல்லுய்யா!"

"ஆமாம், தினமும் ஆட்டுறேன்னாரு," என்றார் ராயப்பன். "சத்தியத்தை அவரே ஒடச்சிட்டாரு. இனிமே எனக்கென்ன?"

தெருவே சிரித்தது. வேலை பிழைத்தது. தையல்நாயகி ஆட்டுக்கல்லருகே பலகையைப் போட்டாள்.

"சாட்சி கேட்டீங்களே, இத்தினி பேரு போதுமாங்க?"

அன்றுமுதல் கல் சத்தம் கொஞ்சம் தாமதமானாலும் சுவருக்கு மேலே லட்சுமியம்மாளின் தலை முளைக்கும்:

"குமாஸ்தா அய்யா, வாய்தாவெல்லாம் கெடையாது!"