ஒற்றைச் சக்கரமும் ஐஸ் கிடங்கும்

"எந்தப் படியில விழுந்தா மூக்குலயும் முதுகுலயும் ஒண்ணா அடிபடும்?" என்று கேட்டாள் மனைவி.

பில் கிளார்க் விழித்தார். உண்மையைச் சொன்னால் மிச்சமிருக்கும் எலும்புகளுக்கும் உத்தரவாதமில்லை.

பஸ்ஸை நம்பித் தினமும் தாமதமாகப் போனவரிடம், "இன்னொரு தடவை லேட்டா வந்தீங்க, ஐஸ் கிடங்குக்கு மாத்திடுவேன்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அங்கே உறைந்த மீன்களோடு, மீனாகவே, வேலை பார்க்க வேண்டும். அந்தப் பயத்தில்தான் மின்சார ஒற்றைச் சக்கர வண்டி ஒன்றை வாங்கி, ஆபீஸின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒளித்துவைத்து, சாயங்காலங்களில் பழகிவந்தார். ஏறுவது கொஞ்சம், இறங்குவது அதிகம், அதுவும் தலைகீழாக. போதாக்குறைக்கு, காலையில் முழுசாகச் சார்ஜ் ஏற்றிய வண்டி சாயங்காலம் பாதிதான் காட்டியது. கடைக்காரன் தலையில் கட்டிவிட்டான் என்று பொருமிக்கொண்டிருந்தார்.

"மேனேஜர் ரூம்ல..." என்று இழுத்தார், கதவு இடித்துவிட்டது என்று முடிக்கலாமென்று.

"அடிச்சாரா?"

மறுக்க வாயைத் திறந்தார். தாடை வலித்தது, மூடிக்கொண்டார்.

மறுநாள் மேனேஜர் அவரைப் பார்த்துத் திடுக்கிட்டார். "என்னய்யா மூஞ்சி இது?"

"வீட்ல..."

"போதும். புரியுது" என்றார் மேனேஜர், கண் கலங்க.

மத்தியானத்துக்குள் ஆபீஸ் முழுக்கத் துக்கம் பரவிவிட்டது. கேஷியர் ஒரு வக்கீலின் நம்பரைப் பையில் திணித்துவிட்டுப் போனார்.

சாப்பாட்டு வேளை முடிந்ததும் மனைவி குடையோடு வந்தாள். மழை இல்லை. நேராக மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள். பில் கிளார்க் நொண்டிக்கொண்டே பின்னால் ஓடினார்.

"என் வீட்டுக்காரரை எதுக்கு சார் அடிக்கிறீங்க?"

யார் வந்தாலும் எழுந்து வணக்கம் சொல்லும் மேனேஜர், அன்று மேஜைக்குப் பின்னால் நாற்காலியோடு ஒட்டிப்போயிருந்தார். "நானா? நீங்க அடிக்கிறீங்கன்னுதானேம்மா இங்க ஆபீஸே அழுதுட்டு இருக்கு?"

குடை மெதுவாகப் பில் கிளார்க் பக்கம் திரும்பியது.

அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"ஒத்தச் சக்கரமா?" மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு கால்லயே நேரா நடக்கத் தெரியாதேய்யா உனக்கு."

மேனேஜர் மேஜையைத் தட்டினார். "ஆபீஸ் பார்க்கிங்ல சர்க்கஸா காட்டறீங்க? நாளைலேர்ந்து ஐஸ் கிடங்கு. பேச்சே கிடையாது."

கதவு திறந்தது. செக்யூரிட்டி நின்றார், கையில் பளபளவென்று ஒரு கறுப்பு ஷூ.

"மன்னிக்கணும் சார். அந்த ஒத்தச் சக்கரத்துலேர்ந்து விழுந்தப்போ கழண்டு ஓடின ஷூ. ஜெனரேட்டர் அடியில கிடந்துது."

பில் கிளார்க் பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். பிறகு குனிந்து பார்த்தார். அவருடைய ஷூ இரண்டும் காலில்தான் இருந்தன.

செக்யூரிட்டி அவரைத் தாண்டிப் போய், மேஜைக்கடியில் குனிந்தார்.

"காலை நீட்டுங்க மேனேஜர் சார். தினம் மத்தியானம் விழறீங்க, நாளைக்காவது லேஸை இறுக்கிக் கட்டிட்டு ஏறுங்க."