ஆயுத பூஜைக்கு ஒரு நிஜ ஆயுதம்

"டிக்" என்றது துப்பாக்கி.

கலியன் அதை முறைத்துப் பார்த்தான். பிறகு புதிதாக ஒரு கேப்பைப் போட்டு, வலது கையை வானத்துக்கு நீட்டி, இடது காதைப் பொத்திக்கொண்டு, கண்ணையும் இறுக மூடி, விசையை இழுத்தான்.

"டிக்."

காதைப் பொத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எடைக் கொட்டகையின் கூரையில் உட்கார்ந்திருந்த காக்கைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு உப்பளப் பந்தயம். மழைக்கு முன்னால் மரக்காணம் உப்பளங்களில் அந்த வருஷத்து வேலை முடிந்ததும், பெண்கள் தலையில் உப்புக் கூடையோடு வரப்பின் மேல் ஓடுகிற ஓட்டம் அது. உப்பு உற்பத்தியாளர் சங்கத்தில் எடை எழுதுகிற கலியன்தான் இந்த 2006ஆம் வருஷப் பந்தயத்தைத் தொடங்கி வைக்கப் போகிறவன்.

போன வருஷம் தொடங்கி வைத்தவன் அவன் மச்சான் தேசப்பன். விசில் ஊதித் தொடங்கினான். கடல் காற்று அடித்த அடியில் அந்த விசில் பாதிப் பேர் காதில் விழுந்தது, பாதிப் பேர் காதில் விழவில்லை. விழுந்தவர்கள் ஓடினார்கள். விழாதவர்கள், "ஏண்டி ஓடறீங்க?" என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். முதலில் வந்தவள் கலியனின் மனைவி மலர்கொடி. ஆனால் நின்றவர்கள் போட்ட கூச்சலில் பந்தயமே செல்லாது என்றாகி, முதல் பரிசான கிரைண்டர் சங்க ஆபீஸ் மூலைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு வருஷமாக அது அங்கேயேதான், பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறது. மதியம் புருஷனுக்குச் சோறு கொண்டு வரும்போதெல்லாம் மலர்கொடி அதைப் பார்ப்பாள். பிறகு புருஷனைப் பார்ப்பாள். அந்த இரண்டாவது பார்வையைத் தாங்க முடியாமல்தான் கலியன் துப்பாக்கிக்கு ஏற்பாடு செய்தான்.

"எனக்கு ஒழுங்கா ஒரு ஆரம்பம் குடுங்க, போதும்," என்று அவள் சொல்லியிருந்தாள். "ஜெயிக்கிறது என் வேலை."

துப்பாக்கி என்றால் குண்டு போடுகிற துப்பாக்கி இல்லை. சத்தம் மட்டும்தான். வானூரில் பம்ப்செட் எஞ்சின் ரிப்பேர் பார்க்கிற கண்ணாயிரம் தன் லேத்தில் கடைந்து கொடுத்தது. விசையை இழுத்தால் சுத்தி விழும், சுத்தி ஊசியைத் தள்ளும், ஊசி கேப்பின் முதுகில் குத்தும், கேப் வெடிக்கும். கேப் மட்டும் சென்னையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கியது. சட்டைப் பொத்தான் அளவில் பித்தளை மூடி, வயிற்றுக்குள் துளி கறுப்பு மருந்து. டப்பாவுக்கு நூறு.

வந்த அன்றே சங்கக் கூட்டத்தில் ஒன்றைப் போட்டு வெடித்துக் காட்டினான். டமால்! கழுவெளி ஏரிப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. தேசப்பன் கையிலிருந்த டீ அவன் வேட்டிக்குப் போனது.

"ஒரு தடவை வெடிச்சிடுச்சு, சரி மாப்ளே," என்றான் தேசப்பன், வேட்டியை உதறிக்கொண்டே. "பந்தயத்தன்னிக்கு வெடிக்கலைன்னா?"

"வெடிக்கலைன்னா உன் விசிலை என் கழுத்துல மாட்டிக்கிட்டு அடுத்த பந்தயம் வரைக்கும் திரியறேன், மச்சான்!"

சங்கச் செயலாளர் தட்சணாமூர்த்தி எதையும் விடாமல் எழுதுகிறவர். அதையும் மினிட் புத்தகத்தில் எழுதிவிட்டார்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை வந்தது. கலியனைப் பிடிக்க முடியவில்லை. "மத்த ஆபீஸ்ல எல்லாம் ஸ்டேப்ளருக்கும் பேனாவுக்கும் பூஜை போடறான். நம்ம சங்கத்துலதான் நிஜமாவே ஒரு ஆயுதம் இருக்குது!" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னான். ஆபீஸ் கூட்டுகிற பாஞ்சாலையைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் ஒரு சாமான் விடக்கூடாது. எல்லாம் கண்ணாடி மாதிரி மின்னணும்," என்று உத்தரவு போட்டான். பாஞ்சாலையும் ஒரு நாள் முழுக்க நிமிராமல் உழைத்தாள். தராசு மின்னியது. கதவுத் தாழ்ப்பாள் மின்னியது. செயலாளரின் பழைய கூப்பிடு மணியை அவராலேயே அடையாளம் கண்டுபிடிக்க முடியவில்லை. துப்பாக்கிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. தேசப்பனே ஒரு நிமிஷம் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பூஜை முடிந்து ஐந்தாம் நாள், சும்மா ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்று எடுத்தால்தான் இந்த "டிக்".

கலியன் முட்டாள் இல்லை. ஊசி வரும் ஓட்டையில் சந்தனம் அடைத்திருக்கும் என்று உடனே கண்டுபிடித்தான். ஊக்கை விட்டுக் குடைந்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, வேட்டி நுனியால் துடைத்து, இன்னொரு கேப்பைப் போட்டு இழுத்தான்.

"டிக்."

மொபெட்டை எடுத்துக்கொண்டு வானூருக்குப் பறந்தான்.

கண்ணாயிரம் துப்பாக்கியைக் காதில் வைத்து டாக்டர் மாதிரி கேட்டான். "உப்புக் காத்துண்ணே," என்றான்.

மரக்காணத்தில் எது கெட்டாலும் உப்புக் காற்றுதான். ரேடியோ பாடாவிட்டாலும் உப்புக் காற்று, சம்பந்தம் முறிந்தாலும் உப்புக் காற்று.

"கேப்பு எப்படி இருக்குது?"

கலியன் உள்ளங்கையில் நாலைந்து கேப்பைக் கொட்டிக் காட்டினான். வெயிலில் பளீரென்றது.

"அடேங்கப்பா, தங்கக் காசு மாதிரி இருக்குது! இதைக் குத்தம் சொன்னா நாக்கு அழுகிடும். ஊசிதாண்ணே கட்டையா போயிருக்குது. நீளமா ஒண்ணு போட்டுடலாம்."

போட்டான். நீளம் கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது. இந்த முறை "டிக்" இல்லை, "சதக்". ஊசி கேப்பின் முதுகில் நுழைந்து வயிற்றில் வெளியே வந்து நின்றது. தூண்டில் முள்ளில் மாட்டின மீனைப் போல இருந்த அந்தக் கேப்பைக் குறடு வைத்துப் பிடுங்க அரை மணி நேரமாயிற்று.

"பாத்தீங்களா, குத்துது!" என்றான் கண்ணாயிரம் சந்தோஷமாக.

"குத்துதுப்பா. ஆனா வெடிக்கலையே?"

"வேகம் பத்தல. ஸ்பிரிங்கை மாத்தணும்."

அவனிடம் இருந்தது டீசல் எஞ்சின் வால்வு ஸ்பிரிங். அதை உள்ளே அடைக்க இரண்டு பேர் துப்பாக்கியின் மேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது. மூடித் தகட்டைத் திருகும்போது திருகாணி அழுதது. சுத்தியைப் பின்னால் இழுக்க விரல் போதாமல், துப்பாக்கியை மேஜை விளிம்பில் முட்டுக்கொடுத்து இடுப்பால் தள்ள வேண்டியிருந்தது. கலியன் தள்ளினான். கையை உயர்த்தினான். இழுத்தான்.

துப்பாக்கி வெடிக்கவில்லை. கையை விட்டுத் துள்ளிப் பின்பக்கமாகப் பறந்து, கண்ணாயிரத்தின் கழிவு எண்ணெய் டின்னில் "புளக்" என்று விழுந்தது.

"இப்பதாண்ணே வேகம் வந்திருக்குது," என்றான் கண்ணாயிரம்.

சனிக்கிழமை காலை மலர்கொடி தண்ணீர்க் குடத்தோடு வீட்டுக்குள் வந்தபோது, அடுப்பில் தோசைக்கல்லும், தோசைக்கல்லில் துப்பாக்கியும், பக்கத்தில் கரண்டியோடு புருஷனும் இருந்தார்கள்.

"என்னங்க இது?"

"துப்பாக்கி."

"அது தெரியுது. எதுக்கு என் தோசைக்கல்லுல கிடக்குது?"

"எண்ணெய் இறங்கிடுச்சு மலரு. ஈரமில்லாம வறுத்து எடுத்தா சரியாயிடும்னு…"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மரக் கைப்பிடி புகைந்தது. அவன் கரண்டியால் திருப்பிப் போட்டான். மறுபக்கமும் புகைந்தது. மலர்கொடி குடத்துத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தாள். கைப்பிடி இரண்டாகப் பிளந்தது. தோசைக்கல்லும்.

"தீபாவளிக்கு ரெண்டு வாரம்தான் இருக்குது. கடையெல்லாம் வெடிதான். ஒரு அணுகுண்டை வாங்கிக் கொளுத்திப் போட்டா ஆகாதா?"

"திரி எப்ப எரிஞ்சு முடியும்னு யாருக்குத் தெரியும்? அதுக்குள்ள பாதிப் பேரு காதைப் பொத்திக்குவாங்க. கூடை கீழ விழும். மறுபடியும் செல்லாதுன்னுடுவாங்க."

அது அவளுக்கும் நியாயமாகப் பட்டது. உடைந்த தோசைக்கல்லைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அதே இரண்டாவது பார்வை.

விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவதைப் பற்றிக் கலியனுக்கு உண்மையில் கவலையில்லை. மானம் போனால் போகட்டும், அதற்குப் பழக்கம் உண்டு. ஆனால் பத்து வருஷமாகத் தலையில் உப்புச் சுமந்தவள் நேர்மையாக ஓடி ஜெயித்ததை ஒருமுறை பறித்தாயிற்று, இந்த முறை தன் கையாலேயே பறிக்கப் போகிறோமே என்றுதான் கவலை. கைப்பிடியைச் சைக்கிள் டியூபால் இறுக்கச் சுற்றினான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகக்கூட வரவில்லை, அதற்கும் கீழே ஏதோ வந்திருந்தது.

ஞாயிறு காலை கிளம்பும்போது, துப்பாக்கி இன்னும் வெடிக்கவேயில்லை என்ற உண்மையைச் சொல்லிவிட நினைத்தான்.

"மலரு…"

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. கூடைக்கு அடியில சும்மாட்டை நல்லா இறுக்கி வச்சுக்க."

இருபத்திரண்டு பெண்கள் கூடையோடு கோட்டில் நின்றார்கள். நாலு மூங்கில் கம்பத்தில் நாலு குழாய் ஒலிபெருக்கி. மைக் முன்னால் செயலாளர் தட்சணாமூர்த்தி. அவருக்குப் பக்கத்தில் மேஜை போட்டுக் கலியன். கூட்டத்தில் முன் வரிசையில் கண்ணாயிரம். அவனுக்கும் முன்னால் தேசப்பன், புதுச் சிவப்புக் கயிற்றில் விசிலை மாட்டிக்கொண்டு, வாயைத் துடைத்துத் தயாராக நின்றான்.

"மாப்ளே, உன் கழுத்தளவுக்கு ஏத்த மாதிரிதான் கயிறு வாங்கியிருக்கேன்."

கலியன் கேப் டப்பாவைத் திறந்தான். டப்பாவிலிருந்து பார்க்க மிக லட்சணமான ஒரு கேப்பைப் பொறுக்கிப் போட்டான். மேஜை விளிம்பில் துப்பாக்கியை முட்டுக்கொடுத்து இடுப்பால் தள்ளினான். மேஜை நகர்ந்தது. இன்னும் தள்ளினான். சுத்தி "கிறீச்" என்று பின்னால் போய் நின்றது. இரண்டு கையாலும் பிடித்து உயர்த்தினான். குலதெய்வத்தை நினைத்துக்கொண்டான்.

"ஒன்!" என்றார் செயலாளர். "டூ!" என்றார். அடுத்ததைச் சொல்லாமல் ஓர் அடி விலகி நின்றார். மிச்சம் கலியனின் பொறுப்பு.

கலியன் இழுத்தான்.

வெடிக்கவில்லை. ஆனால் இரண்டு நாளாக அழுதுகொண்டிருந்த திருகாணி பொறுமையிழந்து தெறித்தது. மூடித் தகடு ஒரு பக்கம் பறந்தது. டீசல் எஞ்சின் ஸ்பிரிங் விடுதலை பெற்று வெளியே பாய்ந்து, நேராகப் போய் மைக்கின் மண்டையில் மோதியது.

நாலு குழாயிலும் ஒரே நேரத்தில் "டமார்!" என்று இடி விழுந்தது.

கழுவெளிக் கொக்குகள் மறுபடி எழும்பின. தேசப்பன் ஊதவிருந்த மூச்சை விழுங்கிவிட்டு இருமினான். இருபத்திரண்டு பெண்களும் ஒரே வினாடியில் கிளம்பினார்கள். "ஏண்டி ஓடறீங்க?" என்று கேட்க அன்று ஒருத்திகூட மிச்சமில்லை.

கலியன் துப்பாக்கியின் மிச்சத்தைத் துண்டுக்குள் சுருட்டினான். யாரும் கவனிக்கவில்லை. எல்லார் கண்ணும் வரப்பின் மேல் இருந்தது. கடற்கரைக் குப்பத்து ரேணுகா முதல் பாத்தி தாண்டும்வரை முன்னால் ஓடினாள். இரண்டாவது பாத்தியில் மலர்கொடி அவளைத் தொட்டாள். கடைசி வரப்பில் கூடை ஆடாமல், கழுத்து அசையாமல், காலை மட்டும் பறக்க விட்டுப் பத்தடி முன்னால் வந்து சேர்ந்தாள். கலியன் தன்னை மறந்து குதித்தான். துண்டுக்குள்ளிருந்து ஊசி கீழே விழுந்தது. கண்ணாயிரம் அதன் மேல் காலை வைத்து மறைத்துக்கொண்டான். ஸ்பிரிங் ஏற்கெனவே அவன் பையில் இருந்தது. மனுஷன் என்றால் அவன் மனுஷன்.

"சத்தம் சுத்தமா கேட்டுச்சு. நாங்க ஒண்ணும் சொல்றதுக்கில்ல," என்றாள் ரேணுகா மூச்சிரைக்க.

தேசப்பன் விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "ஒத்துக்கறேன் மாப்ளே. துப்பாக்கின்னா இதுதான் துப்பாக்கி."

மலர்கொடி ஆபீஸ் மூலைக்குப் போய்க் கிரைண்டரின் பிளாஸ்டிக் உறையைத் தன் கையாலேயே கிழித்தாள். அதைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். பார்வை இந்த முறை வேறு மாதிரி இருந்தது. கலியனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கூட்டம் கலைந்ததும் பாஞ்சாலை டீ கொண்டு வந்தாள். கலியன் காலை நீட்டி உட்கார்ந்து, வள்ளலாகிவிட்ட குரலில் பேசினான்.

"இன்னிக்கு இந்த வெற்றியில உனக்கும் பங்கு இருக்குது பாஞ்சாலை. ஆயுத பூஜையை அவ்வளவு சிரத்தையா செஞ்சியே, அந்தப் பலன்தான்."

பாஞ்சாலை தலையைச் சொறிந்தாள். "ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களேண்ணே?"

"சொல்லு, சொல்லு."

"அந்தச் சென்னைக் கடைக்காரன் உங்களை நல்லா ஏமாத்திட்டான். தொண்ணூத்தி ஒம்பது கேப்புலயும் உள்ள ஒரே கறுப்பு அழுக்கு. ராத்திரி பூராவும் புளித்தண்ணியில ஊற வச்சு, வேப்பங்குச்சியால ஒவ்வொண்ணா நோண்டி எடுத்து, பளபளன்னு தேய்க்கிறதுக்குள்ள என் நகமெல்லாம் போயிடுச்சு. அடுத்த வருஷமாவது சுத்தமான கேப்பா பாத்து வாங்குங்கண்ணே!"