பனி எலியும் றமேசின் வாடகை அறையும்

அன்பான வாசகரே, இத்தாலியின் பலேர்மோவில் வீட்டுவேலை செய்யும் நம்மவருள் ஓர் இனம் உண்டு. எசமானின் படிப்பைத் தன் தலையில் சுமந்து திரியும் இனம். வைத்தியர் வீட்டில் நிலம் துடைப்பவர் நம் நெஞ்சுவலிக்கு மருந்து சொல்வார். சட்டத்தரணி வீட்டில் சமைப்பவர் பெர்மெஸ்ஸோ என்னும் வதிவிட அனுமதி கிடைக்காதவனுக்கு வழி காட்டுவார். பாவம், பேனாட் அண்ணைக்கு வாய்த்தவரோ ஆல்ப்ஸ் மலை எலிகளை ஆராயும் பேராசிரியர்.

அதற்காக அண்ணை சளைத்தாரா?

அண்ணையின் சொல்லைத் தட்டாத றமேசின் மனைவி அமலினி கைக்குழந்தையோடு மன்னாரிலிருந்து வரவிருந்தாள். பிரிந்து தவித்த இரண்டு உள்ளங்கள்! கபோ சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில், வெயில் விழும் அறையொன்றை அவன் பேசி வைத்திருந்தான். அண்ணை ஏறிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“தம்பி, மலை எலி மொட்டை மேட்டிலை இருக்குமோ? அங்கை காத்து பனியை அள்ளிக்கொண்டு போயிடும், நிலம் விறைச்சுப்போம். அது பள்ளம் பாத்துப் போகும். பனி கனமாக் கிடந்தால் போர்வை மாதிரி, அடியிலை குளிர் ஏறாது. பத்தை இருந்தால் இன்னும் திறம். கொப்பு பனியைத் தாங்கும், கீழை ஓடித் திரியலாம், தின்ன இலையும் கிடக்கும்.”

“அப்ப நான் என்ன செய்ய அண்ணை?”

“பள்ளம் பார். பத்தை பார்.”

பார்த்தான். சந்துக்குள், தெருவுக்கும் தாழ்வாக, யன்னலைக் கொடி மூடிய ஓர் அறை. மாடி அறை கைநழுவிப் போனது.

அமலினி வந்தாள், கூடவே மாரி மழையும் வந்தது. சுவர் வியர்த்தது, தொட்டில் சீலையில் பூஞ்சணம் பிடித்தது, குழந்தையின் பிஞ்சு நெஞ்சு விசிலடித்தது. எந்தத் தாய் பொறுப்பாள்? ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் அண்ணையை மறித்தாள்.

“அண்ணை, இஞ்சை பனி எப்ப கொட்டும்?”

“இஞ்சை எங்கை பிள்ளை பனி? அது ஆல்ப்சிலை.”

“நீங்கள் மட்டும் ஏன் நாலாம் மாடியிலை வெயில் காயிறியள்?”

“நான் என்ன எலியோ?”

வெட்கம்? மருந்துக்கும் இல்லை. புது அறை தேடத் தானும் கூட வருவதாக வேறு சொன்னார்.

“வரவேண்டாம் அண்ணை. உங்களுக்குப் பிடிக்காத அறை எது எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

“றெயில் ஸ்தாசியோனே பக்கம் ஒண்டு இருக்கு. உச்சி மாடி. ஒரு பத்தை இல்லை, நாள் முழுக்க வெயில். எலி கூட எட்டிப் பாக்காது!”

அடுத்த கிழமையே அங்கே குடிபோனார்கள். குழந்தையின் நெஞ்சில் விசில் நின்றது.

சிரிக்கிறீர்களா, வாசகரே? பனி போர்வை, பற்றை கூரை என்று இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டதே. நாளை உங்கள் மச்சான் வீடு தேடும்போது வாயை மூடிக்கொண்டா இருக்கப் போகிறீர்கள்?